இருபது வாக்கியங்களும் ஒரு மனமும்

“மனசுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டால் சிலர் வயிற்றுவலியைச் சொல்வார்கள், அன்று நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். ஆனால் உள்ளே இருப்பது வருத்தமா, பயமா, கோபமா என்பது அவர்களுக்குப் பிடிபடாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தகைய நோயாளிகளைக் கவனித்துவந்த மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ், 1970களின் தொடக்கத்தில் இந்த நிலைக்கு ‘அலெக்ஸிதைமியா’ என்று பெயர் வைத்தார். இது நோயல்ல, ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் காணப்படும் இயல்பு. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது காணப்படுகிறது.

இதை அளக்க உலகெங்கும் அதிகம் பயன்படுவது, பேக்பி, பார்க்கர், டெய்லர் ஆகியோர் 1994இல் வெளியிட்ட டொரன்டோ அளவுகோல். அதில் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். 7 வாக்கியங்கள் உணர்ச்சியை அடையாளம் காண்பது பற்றியவை. 5, அதைச் சொல்வது பற்றியவை. மற்ற 8, மனதின் உள்ளே பார்க்காமல் வெளி விவரங்களிலேயே நிற்கும் சிந்தனை பற்றியவை. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடுபவர்களைச் சமாளிக்க, 5 வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக எண்ணுவார்கள். மொத்தம் 61ஐத் தொட்டால் அலெக்ஸிதைமியா; 51 வரை இல்லை; இடைப்பட்டது இரண்டுங்கெட்டான் நிலை.

சிக்கல் இங்கேதான். தன் மனம் தனக்கே தெரியாதவர், அது தெரியவில்லை என்பதை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வார்? ஓரளவு சொல்லலாம்: ‘மனசுல இருக்கறத வாய்விட்டுச் சொல்லேன்’ என்று வீட்டார் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆனால் மனச்சோர்வில் இருப்பவர் தன்னைப் பற்றி எதையுமே மோசமாகவே மதிப்பிடுவார். அந்தச் சோர்வும் மதிப்பெண்ணில் ஏறிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தொடர்ந்து சுட்டும் குறை.

கண் மருத்துவர் ‘பார்வை நன்றாக இருக்கிறதா?’ என்ற கேள்வியோடு நிறுத்துவதில்லை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறார். ரிச்சர்ட் லேன் குழுவினர் 1990இல் வெளியிட்ட சோதனையும் அப்படிப்பட்டதுதான். ஒரு சூழலைச் சொல்லி, ‘உங்களுக்கு எப்படி இருக்கும், எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்கும். ‘தலை வலிக்கும்’ என்ற பதிலுக்கு மதிப்பெண் குறைவு. ‘எனக்குப் பெருமையும் கவலையும் சேர்ந்து வரும், அவனுக்குப் பொறாமையும் குற்றவுணர்வும் இருக்கும்’ என்றால் அதிகம். மருத்துவரே நேரில் கேட்டு மதிப்பிடும் டொரன்டோ நேர்காணலும் இருக்கிறது. இவற்றுக்கு நேரமும் பயிற்சியும் தேவை. வினாத்தாளுக்குச் சில நிமிடம் போதும். அது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட 24 வாக்கிய பெர்த் வினாத்தாள் இன்பத்தையும் துன்பத்தையும் தனித்தனியே கேட்கிறது. நல்ல முன்னேற்றம்தான், என்றாலும் பதில் சொல்பவர் அதே ஆள்தான்.

ஆகவே ஒற்றை எண்ணை வைத்து யாரையும் ‘உணர்ச்சியற்றவர்’ என்று முத்திரை குத்துவது அநியாயம். அந்த எண் சொல்வது, அவர் தன் திறனை எப்படி மதிப்பிடுகிறார் என்பதைத்தான். மதிப்பெண் கூடுதலாக வந்தால் மனச்சோர்வையும் சேர்த்து அளக்க வேண்டும். முடிந்தால் நேரில் உட்கார்ந்து பேசவும் வேண்டும். அதற்குப் பிறகே முடிவு சொல்லலாம்.