ஜன்னல் ஸ்க்ரீன் தைக்கப் போறீங்களா? துணி வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

வேலைக்குச் சேர்ந்து தனியா வாடகை வீடு எடுத்தா, உடனே வர்ற செலவு ஜன்னல் ஸ்க்ரீன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மேற்குப் பார்த்த ஜன்னல்னா தள்ளிப் போடவும் முடியாது.

ரெடிமேட் ஸ்க்ரீன் பெரும்பாலும் 5 அடி, 7 அடி, 9 அடின்னுதான் வரும். உங்க ஜன்னலுக்கு 5 அடி சரியா இருந்தா, தைக்கவே வேண்டாம், ரெடிமேடே வாங்கிடுங்க. அளவு பொருந்தலைன்னாதான் தைக்கிறது லாபம். அதுக்கும் ஒரு வரிசை இருக்கு: முதல்ல மாட்டுற முறை, அப்புறம் அளவு, கடைசியாதான் துணி.

1. எப்படி மாட்டப் போறீங்க?

சுவர்ல பிராக்கெட் அடிச்சு ராடு மாட்டுறது உறுதியானது. ஆனா டிரில் போடணும். வீட்டு ஓனர்கிட்ட முன்னாடியே வாட்ஸ்அப்ல கேட்டு வைங்க. இல்லைன்னா காலி பண்ணும்போது அந்த ஓட்டைக்கு அட்வான்ஸ்ல பிடிப்பாங்க.

ஜன்னல் சுவருக்குள்ள பதிஞ்சு இருந்தா, ஸ்பிரிங் ராடு போதும். ரெண்டு பக்கச் சுவரையும் அழுத்திக்கிட்டு நிக்கும், ஆணியே வேண்டாம். ஆனா மெல்லிய துணிக்கு மட்டும்தான். ஸ்பிரிங் கம்பி இதைவிட மலிவு, ஆனா நடுவுல தொங்கிடும்.

2. அளவு

4 அடி அகலம், 4½ அடி உயரம் உள்ள ஜன்னல்னு வைப்போம். துணி அகலம் 48 அங்குலம், மீட்டர் 200 ரூபாய், தையல் கூலி ஒரு பீஸுக்கு 100 ரூபாய். (உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்குங்க.)

பிராக்கெட் ராடுன்னா மேலயும் கீழயும் 6 அங்குலம் கூட வேணும், அதாவது 66 அங்குலம். மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6, காட்டன் சுருங்குறதுக்கு 5 சதவீதம் சேர்த்தா 80 அங்குலம். ரெண்டு பீஸுக்கு 4.1 மீட்டர், 820 ரூபாய். தையல் கூலி 200. மொத்தம் 1,020 ரூபாய்.

அதே ஜன்னலுக்கு ஸ்பிரிங் ராடுன்னா துணி ஜன்னல் உயரத்துக்கு இருந்தா போதும். 3.4 மீட்டர், 680 ரூபாய். தையலோட 880.

கடையில 'மூணு பீஸ் போட்டாதான் மடிப்பு நல்லா விழும்'னு சொல்வாங்க. 5 அடி ராடுக்கு ரெண்டு பீஸே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு அகலம் வரும், அது போதும். மூணாவது பீஸுக்கு 510 ரூபாய் கூடுதல். நாலு ஜன்னல்னா 2,040!

3. மெஷின் வாங்கணுமா?

8,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கினா, பீஸுக்கு 100 ரூபாய் மிச்சம்னு பார்த்தாலும் 80 பீஸ் தைச்சாதான் போட்ட காசு வரும். ஸ்க்ரீனுக்காக மட்டும் மெஷின் வேண்டாம்.

நம்ம ஏரியாவுக்கு ஒரு வசதி இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிற அக்காக்கள் நிறைய பேர். வீட்ல மெஷின் வெச்சிருக்கிறவங்களுக்கு ஸ்க்ரீன் வெறும் நேர் தையல்தான். கூலியை முதல்லயே பேசிட்டுக் கொடுங்க, தெரிஞ்சவங்கன்னு இலவசமா கேட்காதீங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க: தோல் ஊசியோட முனை வெட்டுற மாதிரி இருக்கும், துணியில போட்டா நூல் அறுந்து ஓட்டை விழும். துணிக்குத் துணி ஊசிதான்.

4. அடுத்த வீட்டுக்கும் ஆகணும்

பல வாடகை ஒப்பந்தம் 11 மாசம்தான். அதனாலதான் கீழ் மடிப்பு 6 அங்குலம். புது வீட்ல ஜன்னல் உயரமா இருந்தா பிரிச்சு நீளமாக்கிக்கலாம். மேல ராடு நுழையுற மாதிரி மடிச்சுத் தைச்சா கம்பி, ஸ்பிரிங் ராடு, பிராக்கெட் ராடு எல்லாத்துலயும் மாட்டலாம். வளையம் வெச்ச ஐலெட் சுலபமா நகரும், ஆனா கூடுதல் செலவு. சொந்த வீட்டுக்கு அது சரி.

துணியை ஒரு தடவை நனைச்சுக் காய வெச்சுட்டு வெட்டுங்க. வெளிப்பக்கம் வெளிர் நிறமா இருந்தா வெயில் சூடு குறையும்.

இந்த வாரம் டேப்பை எடுத்து ஜன்னலை மட்டும் அளந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்தப் பேப்பர் இல்லாம துணிக்கடைக்குப் போகாதீங்க!