காத்திருந்து வலுப்பெறும் உலோகம்

அலுமினியம் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது. எனினும், தூய அலுமினியத்தைக் கொண்டு வானூர்தியின் உடலை அமைக்க இயலாது. அது அத்துணை மென்மையானது. உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பினும், ஆங்காங்கே அவ்வரிசை பிறழ்ந்த கோடுகள் உண்டு. இவற்றைப் ‘பிறழ்வுகள்’ எனலாம். விசை செயற்படும்போது இவை நகர்கின்றன, உலோகம் வளைகிறது. விரித்த ஜமக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவது கடினம். அதில் ஒரு மடிப்பை உண்டாக்கித் தள்ளிக்கொண்டே சென்றால் எளிது. பிறழ்வின் நகர்வும் அத்தகையதே. ஆகவே, உலோகத்தை வலுப்படுத்த வேண்டுமாயின் பிறழ்வுகளின் வழியை மறிக்க வேண்டும்.

சூடேற்றாமலே உலோகத்தை அடித்தும் உருட்டியும் இழுத்தும் உருமாற்றுவது ஒரு முறை. அப்போது பிறழ்வுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அலுமினியக் கம்பி ஒன்றை வளைத்து, அதே இடத்தில் நிமிர்த்திப் பாருங்கள்; வளைந்த பகுதி எளிதில் இணங்காது. மீண்டும் மீண்டும் வளைத்தால் முறிந்துவிடும். வலிமை கூடும்போது நெகிழ்வு குறைவதே இதற்குக் காரணம். ஏறத்தாழ 350 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் பழைய மென்மை திரும்பும்.

மற்றொரு முறை எதிர்பாராமல் கிடைத்தது. எஃகைப்போல அலுமினியக் கலவையும் சூடேற்றி நீரில் அமிழ்த்தினால் கடினமாகுமா என ஜெர்மானிய உலோகவியலார் ஆல்ஃபிரட் வில்ம் ஆராய்ந்துவந்தார். ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் கொண்ட கலவை, அமிழ்த்திய உடனே மென்மையாகத்தான் இருந்தது. 1906இல் அதனைச் சில நாள் கழித்து அளந்தபோதோ கடினத்தன்மை உயர்ந்திருந்தது! அளவுகருவியையே ஐயுறத் தூண்டும் முடிவு அது. இடையில் அக்கலவைக்கு எதுவும் செய்யப்படவில்லை. பின்னர் ‘டியூராலுமின்’ எனப் பெயர்பெற்ற இக்கலவை, செப்பலின் வான்கப்பல்களின் சட்டகமாயிற்று.

ஏறத்தாழ 500 பாகையில் இச்செம்பு அலுமினியத்தில் கரைந்துவிடும். அறை வெப்பநிலையில் அரை விழுக்காடுகூடக் கரைந்திருக்க இயலாது. திடீரெனக் குளிர்விக்கும்போது, பிரிந்து செல்ல நேரமின்றிச் செம்பணுக்கள் உள்ளேயே சிறைப்படுகின்றன. பிறகு மெல்ல மெல்லக் கூடி, ஓரிரு அணுக்களே தடிமனுள்ள நுண்தகடுகளாகின்றன. பிரான்சில் கினியேவும் பிரிட்டனில் பிரெஸ்டனும் 1938இல் தனித்தனியே ஊடுகதிர் கொண்டு இவற்றைக் கண்டறிந்தனர். இத்தகடுகளே பிறழ்வுகளைத் தடுக்கின்றன. மென்மையாக்கிய டியூராலுமின், சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 180 நியூட்டன் இழுவிசையில் அறுந்துவிடும். முதிரவிட்டபின் அதே கலவை 400 நியூட்டனுக்கு மேலும் தாங்கும். ஆனால், முதிர்ந்த கலவையை 200 பாகையில் நெடுநேரம் வைத்தால் துகள்கள் பருத்து, அவற்றின் இடைவெளி அகன்று, வலிமை சரியும்.

வானூர்தித் தொழிற்கூடங்களில் இவ்வறிவு அன்றாடத் தேவையாகும். இவ்வகைக் கலவையாலான தறையாணிகள் சிலவற்றை, நீரில் அமிழ்த்தியபின் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். தாமதித்தால் தலை விரிசல் காணும். ஆதலால் அவற்றை உறைகுளிரில் வைத்து, முதிர்வைத் தள்ளிப்போடுகின்றனர். வெளியே எடுத்து அடிக்கும்போது இணங்கிக் கொடுக்கும் ஆணி, வானூர்தியின் உடலில் பொருந்திய பிறகு, சில நாள்களில் தன் முழு வலிமையை அடைகிறது.