சிரிப்பு விற்றவர்கள் – 9: மறுமுனையில் யாருமில்லை

பக்கத்து வீட்டுக்காரர் போனில் சண்டை போடும்போது நாமெல்லாம் ஒட்டுக் கேட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் காதில் விழும். அந்தப் பக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாமே நிரப்பிக்கொள்வோம், அதுவும் மசாலா தூக்கலாக. மனிதர்களின் இந்தப் பழக்கத்தை நம்பியே அறுபது வருஷம் பிழைத்தவர் பாப் நியூஹார்ட்.

1929-ல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். லயோலா பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தார், ராணுவத்துக்குப் போய் வந்தார், கணக்கர் ஆனார். மாலையில் சில்லறைச் செலவுக் கணக்கை நேர் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு டாலர் குறைந்தால் மணிக்கணக்கில் ரசீதுகளைப் புரட்ட மாட்டார், சொந்தக் காசைப் போட்டுவிடுவார். மிஞ்சினால் பையில் போட்டுக்கொள்வார். அவரே பேட்டிகளில் சொன்ன கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். நகைச்சுவைக்காரர்களின் சுயசரிதைக்கு ஆடிட் கிடையாது.

பிறகு விளம்பரம் எழுதப் போனார். அங்கே ஒரு நண்பரோடு போனில் கோமாளித்தனமாகப் பேசி, அதைப் பதிவு செய்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பினார். காசு தேறவில்லை. நண்பர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நியூஹார்ட் வேறு ஆள் தேடவில்லை. மறுமுனையைக் காலியாகவே விட்டுவிட்டார்.

அங்கேதான் வித்தை இருக்கிறது. நியூஹார்ட்டின் ஒரு போன் பேச்சில், ஆபிரகாம் லிங்கனுக்கு அவருடைய விளம்பர ஆலோசகர் போன் செய்கிறார். புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையில் லிங்கன் கை வைக்கப் பார்க்கிறார். தாடியையும் மழித்துவிட நினைக்கிறார். லிங்கனின் குரலை நாம் கேட்பதே இல்லை. ஆலோசகர் காது கொடுக்கிறார், தயங்குகிறார், கோபத்தை விழுங்கிக்கொண்டு திக்கித் திக்கிப் பதில் சொல்கிறார். அவர் வாயை மூடியிருக்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் கூட்டம் சிரிக்கிறது. நியூஹார்ட்டின் திக்கல் நடிப்பல்ல, இயல்பிலேயே இருந்தது.

1960 பிப்ரவரியில் ஹூஸ்டனின் டைட்லேண்ட்ஸ் கிளப்பில் வார்னர் இசைத்தட்டு நிறுவனம் அவர் பேச்சைப் பதிவு செய்தது. அதற்கு முன் எந்த இரவு விடுதி மேடையிலும் அவர் ஏறியதில்லை! அந்த இசைத்தட்டு, பாட்டே இல்லாத இசைத்தட்டு, பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1961-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் சிறந்த புதுமுகத்துக்கான கிராமியும் அவருக்கே.

தொலைக்காட்சியில் முதல் முயற்சி ஒரே வருஷத்தில் மூடப்பட்டது. விருதுகள் வாங்கிய பிறகும்தான். 1972-ல் வந்த தொடரில் மனநல ஆலோசகராக நடித்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்கிற பாத்திரம். அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. அசட்டு அப்பா, கெட்டிக்காரப் பிள்ளைகள் என்ற வழக்கமான கதை பிடிக்காததால், இதில் குழந்தைகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1978 வரை ஓடியது. 1982-ல் அடுத்த தொடர். இம்முறை வெர்மான்ட் கிராமத்தில் விடுதி நடத்துபவர்.

1990 மே மாதம் அதன் கடைசி அத்தியாயம். தலையில் கோல்ஃப் பந்து பட்டு விழுகிறார். திரை இருள்கிறது. வெளிச்சம் வந்தால் ஒரு படுக்கையறை. வசனம் எதுவும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் முடிந்துபோன பழைய தொடரின் படுக்கையறை அது என்று தெரிந்துகொண்டு அரங்கம் கைதட்டுகிறது. பக்கத்தில் பழைய மனைவியாக சூசன் பிளெஷெட். எட்டு வருஷத்து வெர்மான்ட் கதையும் ஒரே ராத்திரிக் கனவாம்! யோசனை தன் மனைவி ஜின்னியுடையது என்று நியூஹார்ட் சொல்லிவந்தார். கனவு என்று சொல்லித் தப்பிப்பது மட்டமான உத்தி. ஆனால் நான் மன்னித்த ஒரே கனவு இதுதான்.

நடிப்புக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது 2013-ல், 84 வயதில்; 'தி பிக் பேங் தியரி'யில் கௌரவ வேடத்துக்கு. 2024 ஜூலை 18 அன்று 94 வயதில் காலமானார்.

லிங்கன் போன் பேச்சைத் தேடிக் கேளுங்கள். படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும்.