பொங்கல் பையில் புதுப் புத்தகம்! போனஸ் பணத்தில் ஒரு பங்கு நந்தனத்துக்கு!

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பையில் என்ன இருக்கும்?

புதுத் துணி இருக்கும். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் இருக்கும். சென்னைக்காரர்கள் பையில் இன்னொன்றும் இருக்கும். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு கனம்!

புத்தகம்தான்!

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கிற நாளில், மாலை 6 மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். ஆபீஸ் விட்டு நேராக வருகிறவர்கள் உள்ளே ஓடுவார்கள். தோளில் சாப்பாட்டுப் பை. சட்டைப் பையில் ஒரு சீட்டு. வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் அது. பட்டியலில் இல்லாததைத்தான் முதலில் வாங்குவார்கள்!

1977-ல் அண்ணா சாலை மதரசா-ஐ-ஆசம் பள்ளியில் 22 கடைகளோடு ஆரம்பித்த காட்சி இது.

6 நாள் லீவு!

2025-ல் நடந்தது 48-வது காட்சி. ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. மறுநாள் போகி. அதற்கு மறுநாள் பொங்கல். அரசு 17-ந் தேதிக்கும் லீவு விட்டதால் 14 முதல் 19 வரை சேர்ந்தாற்போல் 6 நாள்!

கையில் புதுப் புத்தகம், எதிரே 6 நாள். வேறென்ன வேண்டும்?

ஆனால் பணம்?

அரசு ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பொங்கல் போனஸ் 3 ஆயிரம் ரூபாய். அதற்குள் துணி, வெல்லம், கரும்பு, பஸ் டிக்கெட் எல்லாம் அடங்க வேண்டும். இதில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் எப்படி அடக்குவது? கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகி, பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போடுவதால் பிழைத்தோம்.

கடைகளில் 10 சதவீதம் தள்ளுபடி. வீட்டுக்குப் போய் விலை சொல்லும்போது அதுவே 50 சதவீதம் ஆகிவிடும்! "பாதி விலைக்குக் கொடுத்தாம்மா, விட மனசு வரலே!"

ஆண்கள் மட்டும் இல்லை. காய்கறிப் பைக்கு அடியில் நாவலை மறைத்து எடுத்துப் போகும் பெண்களும் உண்டு.

"இப்பவே பிரிக்கட்டுமா?"

பெரிய சங்கடம் பிள்ளைகள்தான். "அப்பா, இப்பவே பிரிக்கட்டுமா?" என்று நச்சரிப்பார்கள். "லீவு வரட்டும்டா" என்று பீரோ மேல் வைத்தால், நாற்காலி போட்டு ஏறி அட்டையையாவது பார்த்துவிட்டு வருவார்கள். அந்த இரண்டு நாள் தவிப்பு இருக்கிறதே, அதற்கு விலை கிடையாது.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினதும் கையில் கொடுத்தால், மதுராந்தகம் வருவதற்குள் முடித்துவிட்டு, "வேறே இருக்கா?" என்று கேட்பார்கள்!

கொரோனாவால் 2021-ல் பிப்ரவரி 24-ந் தேதியும், 2022-ல் பிப்ரவரி 16-ந் தேதியும்தான் காட்சி தொடங்க முடிந்தது. பொங்கல் போய்விட்டது. அப்போதும் போய் வாங்கினோம். ஆனால் விடிந்தால் ஆபீஸ்! அந்த வருஷம் வாங்கியதில் இரண்டு புத்தகம் இன்னும் பிரிக்காமலே என் அலமாரியில் இருக்கிறது. போகி அன்றைக்குத் தூசி தட்டுவதோடு சரி. நெருப்பில் போட மனசு வருமா?

லீவே இல்லாத கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களுக்கும் வழி இருக்கிறது. மாட்டுப் பொங்கல் மத்தியானம். தெருவில் ஈ, காக்கை இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தால் ஒரு நாவலில் பாதி ஓடிவிடும்.

குனிந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கடை உண்டா?" என்று கேட்டால் உள்ளேயிருந்து பதில் வரும்:

"பத்துப் பக்கம் கழிச்சு வாங்க!"