பல் வெண்மை: வீட்டிலா, மருத்துவரிடமா?

உப்பு விளையும் நம் தூத்துக்குடிக் கரையில், உப்பும் அடுப்புக்கரியும் கொண்டு பல் துலக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. அவை கறையோடு எனாமலையும் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது.

வெற்றிலை, தேநீர்க் கறைகள் பல் மருத்துவர் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் நீங்கும். மேலும் வெண்மை வேண்டுவோர்க்கு இரு வழிகள் உண்டு. மருத்துவமனையில் ஈறுகளை மறைத்துக் காத்து, செறிவு மிகுந்த பெராக்சைடு இடப்படும். ஓரிரு வருகையில் பலன் தெரியும். வீட்டு முறையில், மருத்துவர் அளவெடுத்துத் தரும் உறையில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு இட்டு இரவில் அணியலாம். ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும், செலவு குறைவு.

இரண்டிலும் சில நாள் பற்கூச்சம் வரலாம். ஏற்கெனவே போட்ட கேப், அடைப்பு ஆகியவற்றின் நிறம் மாறாது. ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருப்பின், அதன் உள்நரம்பு இறந்திருக்கலாம். வெளுப்பு மருந்தை நாடுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.