அரிவாள் எப்போது ஆயுதமாகிறது?

தென்னந்தோப்புக்கு வேலைக்குச் செல்பவர் எடுத்துச் செல்லும் அரிவாள் கருவியா, ஆயுதமா? நமது சட்டங்கள் இதை இரு கோணங்களில் அணுகுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நீதி பிறழும் என்பது என் கருத்து.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்காகவோ வேளாண்மைக்காகவோ மட்டுமே உருவான பொருள்கள் அதன்படி ஆயுதங்கள் அல்ல. சாதாரண கைத்தடியும் அப்படியே. ஆனால், அதே கைத்தடிக்குள் வாளை மறைத்து வைத்தால் அது ஆயுதமாகிவிடும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆவது பிரிவோ, ஒரு கருவியால் தாக்கினால் மரணம் விளையக்கூடுமா என்று கேட்கிறது. குத்தவும் வெட்டவும் பயன்படும் கருவிகளுடன், அம்மிக் குழவியும்கூட இதில் அடங்கலாம். சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரையிலான சிறைத் தண்டனை, இத்தகைய கருவியால் விளைவித்தால் மூன்றாண்டு வரை உயர்கிறது. கொடுங்காயத்துக்கான ஏழாண்டு உச்சவரம்பு ஆயுள் தண்டனையாகிறது.

கேரள வழக்கு ஒன்றில் கல்லால் கொடுங்காயம் விளைவித்தவரை, அந்தக் கல்லின் அளவைக் கருதி, 'அபாயகர ஆயுத'ப் பிரிவிலிருந்து 2005-இல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. கொடுங்காயக் குற்றத்துக்கு மட்டுமே தண்டித்தது. எல்லாக் கற்களும் ஆயுதங்கள் அல்ல என்பதே இதன் பொருள்.

எனவே, 'பயங்கர ஆயுதம்' என்று எழுதும் காவல் துறை, அதன் நீளத்தையும் எடையையும் கூர்மையையும் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒற்றைச் சொல், ஒருவர் சிறையில் கழிக்கும் ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.