சாட்சியம் யாருடையது?

2023 மே மாதம் மரக்காணத்தையடுத்த எக்கியார்குப்பத்தில் விற்ற மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்கும். பிழைத்தவருக்குக் கண் போகலாம்.

அப்படிப் பிழைத்தவரை விழிப்புணர்வு மேடையில் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். 'குடிச்சேன், கெட்டேன்' என்பதோடு கதையாடலை நிறுத்தினால் அவர் வெறும் எச்சரிக்கைப் பலகை. 'ஆலைக்குப் போற சரக்கு எங்க குப்பத்துக்கு எப்படி வந்துச்சு?' என்று அவர் கேட்டால்? அந்த வரிதான் முதலில் வெட்டப்படும். குற்றம் குடித்தவன் தலையில் விழும். விற்றவனும் விடப்பட்டவனாவான், கண்டும் காணாத அதிகாரமும் தப்பித்துக்கொள்ளும்.

2012இல் திரையரங்குகளில் காட்டப்பட்ட புகையிலை எதிர்ப்புப் படத்தில் பேசிய முகேஷ் ஹரானே 2009லேயே இறந்துவிட்டவர். தன் பேச்சை அவர் இனித் திருத்த முடியாது.

உயிரோடிருப்பவருக்கோ அந்த உரிமை உண்டு. எதைச் சொல்வது, எதை வெட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். இல்லாவிட்டால் நடப்பது சாட்சியமல்ல, இரவல் குரல்.